பக்கத்துக் கேபின் சூப்

கை கழுவிவிட்டுக் கேபின் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள் நஜீஹா. ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே உட்கார்ந்து, எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு கரண்டி பருப்பு சூப்பை உறிஞ்சினாள். ஆஹா... மஸ்கட்டின் ருவியில் எத்தனை புதுக்கடை வந்தால் என்ன, இந்தக் கஃபட்டீரியா சூப்புக்கு ஈடு உண்டா?

"நல்லா இருக்கா?"

வாப்பா குரல் இல்லையே! நிமிர்ந்தாள். எதிரே ஓர் இளைஞன். கையில் சிப்ஸ் நொறுக்கிப் போட்ட சாண்ட்விச். கண்கள்... அப்பப்பா, சிரிக்கும்போது ஓரம் சுருங்குகிற கண்கள்...

"நீங்க... யாரு?"

"அத நான்ல கேக்கணும்? அது எங்க உம்மாவோட சூப்பு."

அவன் பக்கத்திலிருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எல்லாக் கேபினுக்கும் ஒரே கலர் திரை! நம்பராச்சும் ஒட்டக் கூடாதா?" கடைமேல் பழியைப் போட்டுவிட்டு ஓடியே போனாள்.

கேபின்களுக்கு நடுவே வெறும் பலகைதான். இந்தப் பக்கம் வாப்பா லுக்மானும் உம்மாவும் எல்லாவற்றையும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நஜீஹாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், காயல்பட்டினத்து வரன் ஒன்று 'ருவியில் வளர்ந்த பொண்ணு வேண்டாம்' என்று தட்டிப்போனதிலிருந்து அவள் முகமே சரியில்லாமல் இருந்தது. ஃபோட்டோவைக்கூட ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்ற ஆத்திரம் அவளுக்கு.

"மிச்ச சூப்பையும் அனுப்பவா?" பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"வேணாம். உங்க உம்மாவுக்குப் புதுசா ஒண்ணு சொல்லியிருக்கேன்."

"அப்ப எனக்கு?"

"உங்க சூப்பையா குடிச்சேன்?"

"ராஜிக், சும்மா இருடா!" என்றார் அந்த அம்மா.

அந்தப் பெயரைக் கேட்டதும் லுக்மானின் சிரிப்பு நின்றது. "அந்தப் பக்கம் யாரு... காயல்பட்டினம் ரஹீமா பீவியா?"

"ஆமா... நீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்ன பொண்ணோட வாப்பா."

இவனா அவன்! நஜீஹாவுக்குக் காது மடல் சுட்டது.

"எழும்புங்க, போவோம்," என்றார் லுக்மான்.

திரைக்கு வெளியே ராஜிக் வந்து நின்றான். "மாமா, நான் ஃபோட்டோவே பாக்கல. உம்மா வேணாம்னாங்க, சரின்னுட்டேன். மடத்தனம். இப்ப பாத்துட்டேன்... எனக்கு இவங்களத்தான் புடிச்சிருக்கு."

பின்னாலேயே ரஹீமா பீவி வந்தார். கண் கலங்கியிருந்தது. "பொண்ணுமேல ஒரு குறையும் இல்ல தம்பி. நம்மூர்ல மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட போயிருவான். அடுத்த தெருன்னா தினம் பாப்பேன். இவனுக்கு வேலையும் இங்க, நானே இவனப் பாக்கத்தான் ஊர்லேருந்து வந்திருக்கேன்... பொண்ணு வீடும் இங்கயே அமைஞ்சா, லீவுக்காச்சும் என்கிட்ட வருவானா? எனக்கு ஒரே புள்ள..."

கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் லுக்மான் மகளைப் பார்த்தார். 'போகலாம்னு சொல்லுடி' என்றது நஜீஹாவின் ரோஷம். மனசோ கேட்கவில்லை. எழுந்து போய் ரஹீமா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, லீவு விட்டா நானே இழுத்துட்டு வருவேன். அவங்க வரலன்னாலும் நான் வருவேன்... எனக்கும் அவங்களப் புடிச்சிருக்கு."

ஐயோ, வாப்பா நிற்கிறார்களே! உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

லுக்மான் தாடியைத் தடவினார். தொண்டையைச் செருமினார்.

"எவ்வளவு நேரம் நிக்க வைப்பீங்க? மாப்பிள்ளைய உக்காரச் சொல்லுங்க."