பங்குக் கிணற்றின் முறை

உரும்பிராயில் அந்தப் பழைய வீட்டின் திறப்புக் கொத்தை அவர்கள் வாங்கிய நாளில் மாரி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் கனடாவில். திறப்பு பக்கத்து வளவுப் பரமலிங்கத்திடம் இருந்தது. அருந்ததியும் கணவன் பிரவீணனும் இரண்டு லப்டொப்போடும் ஒரு மெத்தையோடும் வந்து இறங்கினார்கள். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அருந்ததிக்குத் தாய் தகப்பன் இல்லை; அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அவன் இருமினால்கூட அவளுக்கு நெஞ்சு பதைக்கும்.

பரமலிங்கம் அறைகளைக் காட்டினார், தண்ணீர்த் தாங்கியைக் காட்டினார். பின்வளவில் சீமெந்து மூடி போட்டுக் கிடந்த கிணற்றை மட்டும் காட்டவில்லை. பிரவீணன் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். அது பங்குக் கிணறு. செல்வநாயகம், பஞ்சலிங்கம் என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்து இறைத்தவர்கள். ஒரு கோடையில் முறை யாருடையது என்று வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பாகி, ஒருவரை ஒருவர் பிடித்த பிடி விடாமல் இருவரும் கிணற்றுக்குள்ளே போய்விட்டார்கள்.

"அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்தப் பங்கை எடுக்கேல்லைப் பிள்ளை. நீங்களும் எடாதேங்கோ," என்றார்.

அவர் போனதும் இருவரும் சிரித்தார்கள். மூடிக் கிடக்கிற கிணற்றில் யாருக்கு என்ன பங்கு?

அவர்களுடைய பிழைப்பே கிணறுதான். வலிகாமத்தில் தோட்டம் செய்யும் கமக்காரர் சிலருக்காகக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் காட்டும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பிரவீணன் தோட்டம் தோட்டமாகப் போய் அளக்கும் கருவியைப் பூட்டுவான். அருந்ததி வீட்டிலிருந்து கோட் எழுதுவாள். தரவுத்தளத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் ஆவணம். ஆழம், நீர்மட்டம், பங்காளர் பெயர், யாருடைய முறை, எல்லாம் அதற்குள். கட்டம் போட்ட படிவம் கிடையாது. எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், தரவுத்தளம் ஏன் என்று கேட்காது.

அந்தத் தரவுத்தளத்தை, கோட் எழுத உதவும் ஏஐ உதவியாளோடு இணைப்பதுதான் அன்றைய வேலை. இணைத்துவிட்டால் அதுவே ஆவணங்களைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லும். பரீட்சித்துப் பார்க்க ஒரு கிணறு வேண்டும். கமக்காரரின் உண்மை விபரத்தில் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் பின்வளவுக் கிணற்றுக்கு ஓர் ஆவணம் போட்டாள். பங்குக் கிணறு என்றால் பங்காளர் இருக்கத்தானே வேண்டும்? தன் பெயரையும் அவன் பெயரையும் அந்த இடத்தில் எழுதினாள்.

உதவியாள் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக் கரைச்சல் கொடுத்தது. வாசிக்க மட்டும் விட்டிருக்கலாம். பொறுமை கெட்டவள், 'எப்போதும் அனுமதி' என்பதை அழுத்தி, எழுதவும் விட்டுவிட்டாள்.

பிறகு அந்தக் கிணற்றின் பங்காளர் யார் என்று கேட்டாள்.

'செல்வநாயகம், பஞ்சலிங்கம், பிரவீணன், அருந்ததி. இன்றைய முறை: பிரவீணன்.'

இந்த உதவியாள்கள் சிலவேளை இல்லாததைப் புனைந்து சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் செத்தவர்களின் பெயரை அவள் இதற்குச் சொல்லவே இல்லை. தரவுத்தளத்தை நேரே திறந்தாள். நான்கு பெயரும் அங்கே இருந்தன. கருவியே பூட்டாத கிணற்றுக்கு நீர்மட்டமும் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே அது ஏறியது.

ஆவணத்தை அழித்தாள். அது திரும்ப வந்தது.

இதை நீயா எழுதினாய் என்று கேட்டாள்.

'நான் எழுதவில்லை. இருந்ததை வாசித்தேன்.'

உடனே பிரவீணனுக்கு அழைத்தாள். அவன் மருதனார்மடம் சந்தியில் வயர் வாங்கிக்கொண்டு நின்றான். கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

"நான் ஏன் அங்கை போறன்?" அவன் சிரித்தான். "பயப்பிடாதையும். இந்தா, வாறன்."

குடையும் எடுக்காமல் பின்வளவுக்கு ஓடினாள். மூடி மூடியபடியே கிடந்தது. நனைந்த செம்மண் வாசத்துக்குள் வேறொரு வாசம், பழைய பாசித் தண்ணீரின் வாசம். பின்வேலிப் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

வானம் இருட்டி, பகலிலேயே பொழுது பட்டதுபோல் இருந்தது. முன் கதவடியில் நின்று றோட்டைப் பார்த்தபடி, கண்ணீரோடு பிள்ளையாரைக் கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

பின்பக்கமாகக் கேட்டது.

மடத்தனமாக அவளுக்கு மூச்சு வந்தது. வந்துவிட்டான், இனி என்ன? எதற்கும் இருக்கட்டும் என்று மேசையில் உட்கார்ந்து, 'இன்றைய முறையைப் பிரவீணனிடமிருந்து எடுத்து எனக்குப் போடு' என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் கொஞ்சமும் இருக்கவில்லை. அவன் இருந்தால் போதும்.

வெளியே எங்கோ கப்பி கிறீச்சிட்டது. இந்த மழையில் யார் தண்ணீர் அள்ளுகிறார்கள்?

குசினிக் கதவு திறந்தது. பிரவீணன் வந்தான். தலை, சட்டை, எல்லாம் தெப்பமாக நனைந்திருந்தன. அவளுக்குப் பின்னால் கதிரையில் அமர்ந்தான். தேத்தண்ணி போடவா என்று கேட்டாள். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாசித் தண்ணீரின் வாசம் அறை முழுக்கப் பரவியது.

திரையில் பதில் வந்திருந்தது.

'மாற்ற முடியாது. பிரவீணனின் முறை முடிந்துவிட்டது.'

அந்த நேரம் கிணற்றடியிலிருந்து பரமலிங்கத்தின் குரல் கேட்டது. அழுகிற குரல்.

"பிள்ளை, படலைச் சங்கிலி அறுந்து கிடக்கு. கிணத்து மூடி விலகிக் கிடக்கு. தம்பி பிரவீணன் உள்ளுக்கை... செத்துப்போச்சுது பிள்ளை."

அருந்ததி திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் கதிரை தரையில் மெல்ல உராய்ந்தது. குளிர்ந்த கை ஒன்று அவளுடைய தோளில் வந்து படிந்தது, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் அவன் வைப்பதுபோல, அவ்வளவு அன்பாக.

"நாளைக்கு உம்மடை முறை," என்றான்.