3/41-ஆம் வீட்டில் இறந்தது யார்?

"என்னையச் சாவடிச்சது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும், கண்டக்டரண்ணா."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று இப்படிக் கேட்ட பெண்ணைப் பார்த்து லூர்துசெல்வி தையல் மிஷினை நிறுத்தினாள். உள்ளேயிருந்து அவள் கணவர் தேவசிகாமணி சட்டைப் பித்தானைப் போட்டபடி வந்தார். ஏற்காடு–நாகலூர் பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன கோழியிலிருந்து மாறிப்போன மணி ஆர்டர் வரை, மலையில் எது குழம்பினாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"உக்காரும்மா. செத்தவங்களுக்கு டீ குடிக்கலாம்ல?" என்றார்.

வந்தவள் சிரித்துவிட்டாள். பெயர் புஷ்பலதா, வயது நாற்பத்திரண்டு. நாகலூர் ஓரத்தில் தனியாக ஒரு வீடு, கதவு எண் 3/41. புருஷன் கோயம்புத்தூர் மில்லில். அவன் ஓட்டும் அங்கேதான். இவள் மேக்காடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். வரப்போகும் ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கப்போவதாக மகளிர் குழுவில் அறிவித்திருந்தாள். ஓட்டர் லிஸ்டில் பெயர் இருந்தால்தான் நிற்க முடியும். நேற்று பள்ளிக்கூடத்தில் வரைவுப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அவள் பெயர் நீக்கப்பட்டவர் வரிசையில் இருந்தது. காரணம்: இறப்பு.

"பள்ளிக்கூடத்துல லிஸ்ட் திருத்தற முகாமு இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுதுங்க. புதுசா மனு எழுதிக் குடுத்தா வாங்கிக்குவாங்களாம். ஆனா செத்ததா எழுதின ரிப்போர்ட் அப்படியே கெடந்தா, நாளைக்கே எவனாச்சும் ஆட்சேபணை போட மாட்டானா? எழுதச் சொன்னது யாருன்னு தெரியோணும்."

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" லூர்துசெல்வி கத்தரியை நீட்டினாள். "வெங்கடாசலந்தான்! பத்து வருசமா மெம்பரா இருக்கறவரு. பொம்பள எதுத்து நிக்கறான்னதும் ஒரே வரியில பொதைச்சுட்டாரு."

"இருக்கலாம்" என்றார் தேவசிகாமணி. "உங்க ஊட்டுல வேற யாருக்கு ஓட்டு?"

"அதையேன் கேக்கறீங்க! என் மாமியா பார்வதி பேரு அப்படியே இருக்குது. அது செத்து ஆறு வருசமாச்சுங்க. எழுவத்தொம்பது வயசுன்னு போட்டுருக்குது."

தேவசிகாமணி டீயை ஒரு முறை ஆற்றினார். "அப்ப கொலைகாரன் ஒருத்தரைக் கொன்னதோட இன்னொருத்தரைப் பொழைக்கவும் வெச்சிருக்கான். வெங்கடாசலத்துக்கு அதுல என்ன லாபம்?"

மூவரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். வளைவில் எஸ்டேட் ஜீப் ஒன்று பெண்களோடு கடந்தது. "ஏ பார்வதி! இன்னைக்கு லீவா?" என்று ஒருத்தி கத்த, "ஆமாக்கா, சோலி கெடக்குது!" என்று புஷ்பலதா கையை ஆட்டினாள். லூர்துசெல்வி வெங்கடாசலத்தின் பழைய குற்றங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பாலத்துக்குப் பணம் வந்து பாலம் வராதது, தெருவிளக்கு அவர் வாசலில் மட்டும் எரிவது. தேவசிகாமணி கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

முகாமில் மேசைக்குப் பின்னால் சாரா உட்கார்ந்திருந்தாள். அங்கன்வாடி ஊழியர்; இந்த வாக்குச்சாவடியின் பட்டியல் வேலையும் அவளுக்கே. சேலத்திலிருந்து மலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. புஷ்பலதா யாரென்று தெரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நான் பொய் எழுதலைங்க. உங்க ஊட்டுக்கு மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் பூட்டு. கடைசியா, டிசம்பர் ஒம்பதாந் தேதி, அக்கம்பக்கத்துல விசாரிச்சுத்தான் எழுதினேன்."

"யார்கிட்ட விசாரிச்சீங்க கண்ணு?" என்றார் தேவசிகாமணி.

"அது... ஒரு ஆம்பளைங்க. பேரு கேக்கலைங்க. அன்னைக்கு நெறைய எடம் சுத்தினேன், எங்க வெச்சுக் கேட்டேன்னும் ஞாவகம் இல்லீங்க."

"கறுப்புக் கண்ணாடி போட்டவரா?" லூர்துசெல்வி குறுக்கே பாய்ந்தாள். வெங்கடாசலம் இப்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடியில்தான் திரிகிறார்.

"இல்லீங்களே."

"ஒம்பதாந் தேதி அவரு சேலம் ஆஸ்பத்திரியில கண் ஆப்பரேசனுக்குப் படுத்திருந்தாரு, செல்வி. நாமதான் ஆரஞ்சு வாங்கிட்டுப் போய்ப் பாத்தோம்" என்றார் தேவசிகாமணி. லூர்துசெல்விக்கு அன்றைக்கு ஆரஞ்சு விலை கூட ஞாபகம் வந்தது.

அவர் சாராவின் நோட்டைக் கேட்டு வாங்கினார். டிசம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பிரித்தார். ஓரத்தில் கறுஞ்சிவப்பாய் ஒரு கட்டைவிரல் கறை, காய்ந்து பளபளத்தது. 3/41 என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு வரிகள்: "பார்வதி – இருக்கிறார். புஷ்பலதா – இறப்பு." இன்னும் கீழே வேறொரு வீட்டுக்கு: "ராணி – முகவரியில் இல்லை."

"உங்க ஊட்டுக்கிட்ட காப்பிச் செடி இருக்குதா?" என்று புஷ்பலதாவிடம் கேட்டார்.

"ஒத்தச் செடி கெடையாதுங்க. சுத்தியும் சில்வர் ஓக்கு மரந்தான்."

"அப்ப சரி. மூணரை மணிக்கு எஸ்டேட்டுக் களத்துக்குப் போவோம். சாரா கண்ணு, நீங்களும் கூட வாங்க. அழுவாதீங்க, யாரும் பொய் சொல்லலை."

மேக்காடு எஸ்டேட் களத்தில் மாலை எடை நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து குனிந்தும் எக்கியும் பறித்த பழத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தராசில் போட, எடைக்காரன் ஐயாக்கண்ணு கிலோவைச் சொல்ல, ரைட்டர் கிங்ஸ்டன் ஆஜர்ப் புத்தகத்தில் எழுதினான். ஐயாக்கண்ணுவின் பத்து விரலும் பழச்சாறில் கறுத்திருந்தன.

"ரைட்டர் தம்பி, ஒரு அஞ்சு நிமிசம். உங்க புஸ்தகத்துல பேரைக் கூப்பிடுங்க. அவங்கவங்க ஓட்டர் கார்டை எடுத்து நீட்டட்டும்" என்றார் தேவசிகாமணி. முகாமுக்குப் போக எல்லோரும் அன்று கார்டை இடுப்பில் செருகித்தான் வந்திருந்தார்கள்.

கிங்ஸ்டன் விளங்காமல் கூப்பிட்டான். "இருபத்தஞ்சு, காளியாயி."

"இருக்கேனுங்க!" முப்பது வயதுப் பெண் ஒருத்தி கார்டை நீட்டினாள். கார்டில் ராணி என்று இருந்தது.

"இருபத்தேழு, பார்வதி."

"இருக்கேனுங்க" என்றாள் புஷ்பலதா, வழக்கம்போல. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

களத்தில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இந்த எஸ்டேட்டுல மாமியா வேலைய விட்டு நின்னா மருமவ அதே கூடைக்கு வருவா" என்று தேவசிகாமணி விளக்கினார். "கூடையோட நம்பரும் வரும், பேரும் வரும். பேரை மாத்த ஆபீசுக்கு எழுதோணும், யாரும் எழுதறதில்ல. ஆறு வருசமா புஷ்பலதா இங்க பார்வதி. பழம் எடுக்கற மாசத்துல ஊட்டுல யாரு இருப்பா? எல்லாப் பூட்டையும் பாத்துட்டு சாரா இங்க வந்துச்சு. நோட்டுல இருக்கற பழச்சாத்துக் கறை இந்தக் கையோடதுதான். ஏனப்பா ஐயாக்கண்ணு, அந்தப் புள்ள என்ன கேட்டுச்சு?"

ஐயாக்கண்ணு கையை வேட்டியில் துடைத்தான். அவன் வெள்ளக்கடைக் கிராமத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்து மூன்று வருடம். "பார்வதி இருக்கான்னு கேட்டுச்சுங்க. இப்பத்தான் அம்பது கிலோ போட்டுட்டுப் போவுதுன்னேன். புஷ்பலதான்னு கேட்டுச்சு. அப்படி யாரும் இல்லைன்னேன். ஆனா அந்த ஊட்டுல ஒரு பொம்பள தவறிட்டதாக் கேள்வின்னு சொன்னேன். அது நெசந்தானுங்களே!"

"நெசந்தான். ரெண்டு நெசத்தை அந்தப் புள்ள நோட்டுல கூட்டிப் பாத்துச்சு, ஒரு சாவு வந்துருச்சு." தேவசிகாமணி சாராவைப் பார்த்தார். "கண்ணு, பார்வதிக்கு வயசு எழுவத்தொம்பதுன்னு உங்க லிஸ்டுலயே இருக்குதே. அந்த வயசுல அம்பது கிலோ பழம் எடுப்பாங்களா?"

சாரா தலையைக் குனிந்தாள். "மலைக்காரங்க நொம்பக் கெட்டின்னு எங்கூருல சொல்லுவாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டேனுங்க."

இந்த முறை கிங்ஸ்டன்கூடப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

மணி நாலே கால். கிங்ஸ்டன் மூட்டை ஏற்றும் ஜீப்பையே கொடுத்தான். ராணியும் புஷ்பலதாவும் பழ மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அலறிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "மெதுவாப் போ சாமி, மறுபடியும் செத்துறப் போறேன்!" என்று புஷ்பலதா டிரைவரை அதட்டினாள்.

நாலே முக்காலுக்குச் சாரா தன் அறிக்கையைத் திருத்தி எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். புஷ்பலதாவை நேரில் அறிந்த ஊர்க்காரர் ஒருவர் விசாரணைத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. வரிசைக்குப் பின்னாலிருந்து கறுப்புக் கண்ணாடி ஒன்று முன்னால் வந்தது.

"குடுங்க, நான் போடறேன்" என்றார் வெங்கடாசலம். "ஏனுங்க செல்வியக்கா, நாந்தான் கொன்னேன்னு காலையில இருந்து ஊரெல்லாம் சொன்னீங்களாமே?"

"அப்படித் தோணுச்சுங்க" என்றாள் லூர்துசெல்வி, கொஞ்சமும் அசராமல். "பாலம் மட்டும் இன்னும் பாக்கி இருக்குதுங்க."

அவர் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மூடினார். "செத்தவகிட்ட ஜெயிச்சேன்னு எவனும் பேசக் கூடாது, புஷ்பலதா. உசுரோட நில்லு. உசுரோடவே தோக்கடிக்கறேன்."

"பாக்கலாமுங்க" என்றாள் அவள்.

பிப்ரவரியில் இறுதிப் பட்டியலை ஒட்டினார்கள். வேலை முடிந்து, கையில் ஒட்டிய பழச்சாறுகூடக் கழுவாமல், பெண்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். புஷ்பலதா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது. தன் பெயரை ஒரு முறை மனதுக்குள்ளும், ஒரு முறை வாய்விட்டும் படித்தாள். விரலை எடுக்காமலே திரும்பினாள். பக்கத்தில் ஐயாக்கண்ணு நின்றிருந்தான்.

"ஏனுங்க ஐயாக்கண்ணு," என்றாள், "என்னையக் கொன்னதுக்கு எனக்கொரு ஓட்டாச்சும் போடோணும், ஆமா."