டிரைவரம்மா போட்ட பிரேக்

சில்லுவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் விடுமுறைக்கு முன் ஒரு விருந்து. அதற்கு அம்மாவும் வருகிறாள்!

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, மருத்துவமனையைத் தவிர அம்மா வேறெங்கும் போனதில்லை. 'கொஞ்ச நேரம் போய் வரலாம். ஓடக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது' என்று டாக்டர் நேற்றுதான் சம்மதித்தார்.

இளைத்துப்போயிருந்த அம்மா கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எப்படி இருக்கேன்?"

"சூப்பர்! ஆனா நீ சட்டையைப் போட்டிருக்கியா, சட்டை உன்னைப் போட்டிருக்கான்னுதான் தெரியல."

"வாய் மட்டும் ஒழுங்கா வளருது" என்று அம்மா சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. அங்க யாரும் என்னைப் பாத்து 'ஐயோ பாவம்'னு சொல்லக்கூடாது. வீட்டுக்கு வர்றவங்க சொல்லிச் சொல்லியே காது புளிச்சுப்போச்சு."

அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவள். அவ்வளவு பெரிய வண்டியையே வளைத்துத் திருப்புகிறவளுக்கு, அந்த வார்த்தை பிடிக்காததில் என்ன ஆச்சரியம்!

விருந்து மாடியில். பாதிப் படியில் அம்மா நின்றாள். சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள் இருந்தன.

"அடடா, இந்த யானை எவ்வளவு அழகு!"

"அம்மா, அது தண்ணி லாரி."

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சில்லுவுக்குப் புரிந்துவிட்டது. அவளும் நின்று, எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

வகுப்பறைக்குள் பலூன்கள் தொங்கின. நடுவில் நாற்காலிகள் வட்டமாகக் காத்திருந்தன. பெற்றோருக்கான இசை நாற்காலிப் போட்டி தொடங்கப் போகிறது.

"டிரைவரம்மா வந்துட்டாங்க!" என்று கத்தினான் பம்பரம். ஓரிடத்தில் நிற்காத பையன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். "போன வருஷ சாம்பியன்! வாங்க ஆன்ட்டி, வாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் கை மெல்ல வயிற்றைத் தொட்டது.

"இதோ வரேன்..." என்று அம்மா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

சில்லு அவசரமாக யோசித்தாள். 'அம்மாவால முடியாது' என்று சொல்லிவிட்டால்? அறை முழுவதும் 'ஐயோ பாவம்' என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அம்மா ஓடிவிடுவாள்!

"டீச்சர்!" சில்லு கையைத் தூக்கினாள். "போன வருஷம் ஜெயிச்சவங்க இந்த வருஷம் விளையாடக்கூடாது. அவங்கதான் பாட்டை நிறுத்தணும். அதுதானே விதி?"

"அப்படியா? நமக்கு அப்படி ஒரு விதி..." என்று இழுத்த டீச்சர், சில்லுவின் கண்களைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். "ஆமாமா! மறந்தே போயிட்டேன். வாங்க டிரைவரம்மா, இந்த ஃபோனைப் பிடிங்க."

அம்மா வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "பாட்டை நிறுத்தணும், அவ்வளவுதானே? பிரேக் போடுறது எனக்குச் சொல்லியா தரணும்?"

பாட்டு கிளம்பியது. பெற்றோரும், அவர்களோடு சேர்ந்துகொண்ட தலைமையாசிரியரும் சுற்றினார்கள். நிறுத்துவாள் என்று எல்லோரும் உட்காரக் குனிந்தபோது அம்மா நிறுத்தவில்லை. அசந்த நேரத்தில் சட்டென்று நிறுத்தினாள்! அவசரத்தில் தலைமையாசிரியர் போய் உட்கார்ந்தது நாற்காலியில் அல்ல, பம்பரத்தின் அப்பா மடியில்.

"சார், டிக்கெட் எடுத்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அறையே அதிர்ந்தது. தலைமையாசிரியர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"சிரிக்க வைக்காதீங்கப்பா, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே அம்மாவும் சிரித்தாள். 'ஐயோ பாவம்' என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. அடுத்த பிரேக் எப்போது விழுமோ என்ற பயம் அவர்களுக்கு!

போட்டி முடிந்ததும் சில்லு ஒரு துண்டு கேக் கொண்டுவந்தாள்.

"ஏய், அந்த விதியை எப்போ போட்டாங்க?" என்று அம்மா காதோடு கேட்டாள்.

"நீ ஓர் அடி எடுத்து வெச்சப்போ."

அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பேசிக்கொண்டே கேக்கை முழுவதும் தின்றுவிட்டாள். இத்தனை நாளும் எதைக் கொடுத்தாலும் பாதியிலேயே தட்டைத் தள்ளிவைத்தவள், இப்போது வெறும் தட்டை நீட்டினாள்.

"இன்னொரு துண்டு கிடைக்குமா?"

சில்லு மேசையை நோக்கிப் பறந்தாள். இருப்பதிலேயே பெரிய துண்டு எதுவென்று அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள்.