தேடினால் அகப்படாத சொல்

அம்சவல்லி கடைக்குள் வந்தும் உட்காரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த காக்கிக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் சின்னதுரை மண்ணுக்குள் போய்ப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

“உக்காருங்கம்மா,” என்றாள் மணிமொழி.

“உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. நின்னுக்கினே சொல்லிடறேன்.”

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் இருக்கிறது அந்தக் கடை. ‘மின் கையொப்பம் எடுத்துத் தரப்படும்’ என்று வெளியே பலகை தொங்கும். டெண்டர் போடுகிறவர்களும் ஆடிட்டர்களும் வந்துபோவார்கள். திருட்டுப்போன கடவுச்சொல், மாறிப்போன பத்திரம் என்று கலங்கி வருகிறவர்களும் உண்டு. கடைக்காரர் செங்குட்டுவன் அவர்களில் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. அவர் பேச்சு குறைவு. அந்தக் குறையை மனைவி மணிமொழி தீர்த்துவைப்பாள்.

சின்னதுரை, நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். விடியற்காலையில் மண்சுவரைச் சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது அவர் வேலை. அதில் அவருடைய மின் கையொப்பம் விழுந்தால்தான் ‘ஏ’ ஷிப்ட் ஆட்கள் கீழே இறங்கலாம். அன்று காலை ஆறே முக்காலுக்குச் சுவர் சரிந்தது. சிங்காரவேல் என்ற தொழிலாளியும் சின்னதுரையும் அதற்குள் போய்விட்டார்கள்.

“அஞ்சரைக்கு எனக்குப் போன் பண்ணாருங்க. ‘சுவர்ல வெடிப்பு விட்டுருக்கு, இன்னிக்கு ஒருத்தரையும் எறக்க விடமாட்டேன், மத்தியானம் சோத்துக்கு வந்துடுவேன்’னாரு. ஆனா கம்பெனி காட்டற ரிப்போர்ட்டுல வெடிப்பே இல்லன்னு இருக்கு. அஞ்சு அம்பத்திரண்டுக்கு அவரு கையெழுத்து. நாளைக்கு விசாரணை முடியுது. எம் புருஷன் பொய் எழுதி சிங்காரவேலக் கொன்னுட்டாருன்னு தீர்ப்பாயிடும்.” அவள் குரல் இறங்கியது. “சிங்காரவேல் சம்சாரம் மாணிக்கம்மா அக்கா எங்க எதிர் வூடு. வடக்குத்து ஊருல ஒரே தெரு. பதினேழு நாளா என் பக்கம் திரும்பல.”

செங்குட்டுவன் கவரைப் பிரித்தார். திரை நொறுங்கிய போன், வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, ஒரு பேனா.

“கையொப்ப டோக்கன் எங்கம்மா? பென்டிரைவ் மாதிரி இருக்குமே?”

“அத வூட்டுக்குக் கொண்டாற மாட்டாருங்க. எல்லார்துமே ஆபீஸ் ஆணியிலதான் தொங்குமாம்.”

செங்குட்டுவன் தலையசைத்தார். 

கையொப்பமிட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நகல் ஒன்று சின்னதுரையின் மெயிலுக்கு வந்திருந்தது. அம்சவல்லி சொன்ன கடவுச்சொல்லைப் போட்டுப் பதினொரு மாதத்து ரிப்போர்ட்டுகளையும் இறக்கி, மணிமொழி ஒரே கட்டாகச் சேர்த்தாள். கடைசி ரிப்போர்ட்டில் இரண்டே வாக்கியம்: ‘வெடிப்பு எதுவும் இல்லை. வேலை தொடங்கலாம்.’

“மத்த நாள்லயும் இப்படித்தான் எழுதுவாரான்னு பாப்போம்,” என்று தேடும் கட்டத்தில் ‘தொடங்கலாம்’ என்று அடித்தாள். முந்நூறுக்கு மேல் வந்து விழுந்தன. தேதிகளை ஓட்டிப் பார்த்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

“ஏங்க, இங்க வாங்களேன். கடைசி ரிப்போர்ட் மட்டும் வரல. கண்ணெதிர்ல ‘தொடங்கலாம்’னு இருக்கு, தேடினா இல்லங்குது. கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா, எனக்கா?”

செங்குட்டுவன் அருகே வந்து அந்தச் சொல்லையே வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு மணி. நாளைக்கு விசாரணைக்கு நாமளும் போறோம்.”

“கண்டுபிடிச்சிட்டு வாய மூடிக்கிறது ஒரு வியாதிங்க. டாக்டர்கிட்ட காட்டணும்,” என்றாள் மணிமொழி.

மறுநாள் பதினோரு மணிக்கு, கான்ட்ராக்ட் கம்பெனியின் தகரக் கூரை ஆபீஸில் விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தார். மேனேஜர் ராஜேந்திரன், கிளார்க் அசோக்குமார், ‘பி’ ஷிப்ட் சூப்பர்வைசர் அன்புச்செல்வன் மூவரும் ஒரு பக்கம். எதிர்ப் பக்கம் அம்சவல்லி. கதவோரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு மாணிக்கம்மாள். மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது: தமிழ்த் தட்டச்சு, உயர்நிலை, முதல் வகுப்பு. மணிமொழி அதை இரண்டு தரம் படித்தாள்.

“இது டிஜிட்டல் சிக்னேச்சர் சார்,” என்றார் ராஜேந்திரன். “பேனாவுல போட்ட கையெழுத்துன்னா பார்த்து எழுதலாம். இத யாராலயும் போலியாப் போட முடியாது. போயிட்ட மனுஷனப் பத்திப் பேச எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் வந்ததே ஏழு மணிக்கு.”

“மேனேஜர் சொல்றது சரிதான்,” என்றார் செங்குட்டுவன். அம்சவல்லி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். “கையொப்பம் சின்னதுரையோட சாவியால போட்டது. சரிபார்த்துட்டேன். ஆனா பூட்டைத் திறந்தது எந்தச் சாவின்னுதான் அது சொல்லும். சாவியத் திருப்பினது யார் கைன்னு சொல்லாது.”

சுவரில் ஒரு பலகை. நான்கு ஆணி, நான்கு டோக்கன். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி ரகசிய எண் எழுதியிருந்தது.

“ஷிப்ட் ஆரம்பிக்கிற அவசரத்துல ஆளத் தேட முடியாது சார்,” என்று அசோக்குமார் இழுத்தான். “அதான் எல்லாரும் இங்கயே மாட்டிடுவாங்க.”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படின்னா யார் வேணும்னாலும் போட்டிருக்கலாமே?”

“போட்டது ஒரே ஆள். கண்டுபிடிச்சிடலாம் சார். மூணு பேரும் அவங்கவங்க வழக்கமா அடிக்கிற மாதிரி ஒரு வாக்கியம் அடிச்சுக் கொடுக்கணும்: ‘வேலை தொடங்கலாம்.’”

அன்புச்செல்வன் தன் போனில் விரலை இழுத்து எழுதினான். அசோக்குமார் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைத்தான். ராஜேந்திரன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, விசைப்பலகையைப் பார்க்காமலே பத்து விரலாலும் அடித்துவிட்டு எழுந்தார்.

மூன்று வரியும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அச்சு அசலாக ஒரே மாதிரி.

“இதுல என்னத்தப் பாக்கிறது?” என்றார் அதிகாரி.

“கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. எந்த எழுத்தை உள்ள விட்டாலும் கடைசியில ஒரு நீள எண் வரும் பாருங்க, அந்த மாதிரி ஒரு கணக்கு இருக்கு. எழுத்துக்குக் கைரேகைன்னு வெச்சுக்கலாம். ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுசும் மாறிடும். மின் கையொப்பமே அந்த ரேகைமேலதான் போடறாங்க.” செங்குட்டுவன் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். “அன்புச்செல்வன் ரேகையும் அசோக்குமார் ரேகையும் ஒண்ணு. சின்னதுரையோட பதினொரு மாச ரிப்போர்ட்லேருந்து எடுத்த இதே வாக்கியத்துக்கும் அதேதான். மேனேஜர் அடிச்சதுக்கு ரேகை வேற. சாவு நடந்த அன்னிக்குப் போன ரிப்போர்ட் வாக்கியத்தோட ரேகை, இதோ. மேனேஜரோடது அப்படியே பொருந்துது.”

“அதே சொல், அதே எழுத்து. எப்படிங்க வேறயாகும்?”

“‘தொ’ங்கிற எழுத்துலதான் இருக்கு சார். போன்ல எழுதினாலும், இங்கிலீஷ் வழியா அடிச்சாலும் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாப் பதிவாகும். பழைய டைப்ரைட்டர் முறையில முதல்ல கொம்பு, அப்புறம் ‘த’, அப்புறம் கால்னு தனித்தனியா அடிக்கணும். இந்த ஆபீஸ் மென்பொருள் அதைச் சேர்க்காம ரெண்டு துண்டாவே வெச்சுடுது. பாக்கிற கண்ணுக்கு ஒரே ‘தொ’. தேடினா அகப்படாது. நேத்து என் வீட்டம்மா தேடினப்போ அப்படித்தான் அகப்படல.”

“நான்தான்,” என்றாள் மணிமொழி, அந்த நேரத்திலும் அடக்கமுடியாமல்.

“ஊருல டைப் படிச்சவன் நான் ஒருத்தன்தானா?” என்றார் ராஜேந்திரன். சிரிப்பு போயிருந்தது.

“ஊருல நிறைய பேர் இருக்கலாம். இந்த டோக்கன் பலகைக்குக் கை எட்டற ஆள்ல நீங்க ஒருத்தர்தான். அதுவும் காலையில அஞ்சு அம்பத்திரண்டுக்கு.”

 அசோக்குமார் தரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தான். “சார் அன்னிக்கு அஞ்சரைக்கே வந்துட்டாருங்க. சின்னதுரை அண்ணன் வந்து, வெடிப்பு இருக்கு, எறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு மறுபடி சுவரப் பாக்கப் போனாரு. டார்கெட் போயிடும்னு சாரே உக்காந்து அடிச்சாரு. ஆளுங்க எறங்கிட்டாங்கன்னு அண்ணனுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. அவங்களக் கூப்புடத்தாங்க அவரு கீழ ஓடுனாரு. எனக்கும் வேலை போயிடும்னு சொல்லாம இருந்துட்டேன்.”

ராஜேந்திரன் ஏதோ சொல்லத் தொடங்கி, அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, “நம்பர ஊரறிய ஒட்டிவெச்சது நானா?” என்றார்.

அம்சவல்லி எழுந்து பலகையருகே போனாள். சின்னதுரையின் டோக்கனைத் திருப்பிப் பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

“இது அவரு எழுத்து இல்ல,” என்றாள். “என் எழுத்து. அவருக்கு நம்பர் நினைப்புல நிக்காது. தினம் போன் பண்ணிக் கேப்பாரு. தொந்தரவா இருக்குன்னு நான்தான் பிளாஸ்திரி வெட்டி எழுதி ஒட்டிக் குடுத்தேன்.”

செங்குட்டுவன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கணக்கில் இது இல்லை.

“இது வேண்டாமேம்மா,” என்றார் அதிகாரி மெல்ல. “இத எழுதணும்னு அவசியமில்ல.”

“எழுதிக்குங்க. அவரு பொய் எழுதலன்னு எழுதுறீங்கல்ல? இதையும் எழுதுங்க.”

வெளியே சாம்பல் நிற வெயில். மணிமொழி அவளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். பேச வாயெடுத்து, எடுத்து, விட்டுவிட்டாள். மாணிக்கம்மாள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். நிறுத்தத்தில் அவளாகவே கேட்டாள்.

“ஏண்டி சொன்ன? யாரும் உன்னக் கேக்கலியே.”

“தெனம் கதவத் தொறந்தா உன் மூஞ்சியிலதான் முழிக்கணும் அக்கா.”

 பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். ஒருத்தி முன்சீட்டில் உட்கார்ந்தாள், ஒருத்தி கடைசி சீட்டில். வடக்குத்து வரும்வரை ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இறங்கும்போது படிக்கட்டில் அம்சவல்லியின் கால் தடுமாறியது.

“பாத்து எறங்கு,” என்றாள் மாணிக்கம்மாள்.