சாக மறந்தவை

ஆவுடையப்பனை எரித்தாகிவிட்டது, காரியம் மட்டும் இன்னும் நடக்கவில்லை.

“பதினாறு தள்ளிப்போச்சு மதினி. ஊரு என்ன பேசும்?” என்றான் கொழுந்தன் சுடலைமுத்து.

“உங்க அண்ணன் முழுசாப் போகலியே. ஆய்வகத்துல உசுரோடதான இருக்காக,” என்றாள் செண்பகவல்லி.

“கண்ணாடிக் கிண்ணத்துல வளக்குற செல்லச் சொல்லுதீங்களாக்கும். அப்ப அதுக்கும் சேத்து உலை வைங்க.”

சொல்லிவிட்டுப் புஜத்தைத் தடவிக்கொண்டான். அவன் தோலுக்கடியிலும் துயில்வில்லை இருந்தது. பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்கிற ஆண்கள் போட்டுக்கொள்வது. மூளையிலிருந்து விந்தகத்துக்குப் போகும் ஹார்மோன் கட்டளையை அது நிறுத்திவிடும். கட்டளை வராத செல்கள் தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும். வில்லையை எடுத்தால், எஞ்சிய தாய்ச்செல்களிலிருந்து எல்லாம் மீண்டும் உண்டாகும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

அந்தக் காத்திருப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆவுடையப்பன் வழி கண்டுபிடித்தான். வில்லையோடு ஒரு சாவுத்தடையைச் சேர்த்தான். கட்டளை வராவிட்டாலும் செல்கள் சாகாமல் தூங்கும். எடுத்த கையோடு விழித்துக்கொள்ளும். முதலில் தனக்கே போட்டுக்கொண்டான். “நெனச்ச மாசமே தொட்டில் கட்டலாம், பாரு,” என்று அவளிடம் சிரித்தான். பிறகு நாடே போட்டுக்கொண்டது.

சாக வேண்டிய செல் சாகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவன் உடம்புதான் முதலில் சொன்னது. புற்று. தொட்டில் கயிறுகூட வாங்கியிருக்கவில்லை.

ஆய்வகத்தில் அவனோடு வேலை பார்த்த ஜெசிந்தா திரையைக் காட்டினாள். ஆவுடையப்பனின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் கொத்துக் கொத்தாக, பளபளவென்று இருந்தன.

“வில்லைய எடுத்தாலும் தடை போகலக்கா. சாகுற வழியையே மறந்துட்டுதுக. இந்த முறிமருந்து ஞாபகப்படுத்துதான்னு பாக்கணும். இவ்வளவு முத்தினது அண்ணனோடதுதான். நீங்க சரின்னாத்தான் செய்வேன்.”

“வேல செஞ்சா?”

“ஒண்ணும் மிஞ்சாது.”

“செய்யலேன்னா?”

“வில்லை போட்ட ஆம்பள ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்.”

செண்பகவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதுல இருந்து ஒரு பிள்ள...”

“இதெல்லாம் எப்பவோ புத்துநோயா மாறிப்போச்சுக்கா.” ஜெசிந்தா அவள் தோளைத் தொட்டாள். “வேணும்னா கொஞ்சம் பிரிச்சுத் தனியா வெச்சுத் தாரேன்.”

செண்பகவல்லி மருந்துக் குப்பிக்குக் கை நீட்டினாள்.

“வேண்டாம். சாகாம வெச்சுக்கிடணும்னு நெனச்சதுலதான இவ்வளவும் வந்தது. கொண்டா, நானே விடுதேன்.”

மருந்து பால்போல வெளுத்திருந்தது. சுடுகாட்டில் சாம்பல்மேல் பால் தெளிக்க அவள் யாரையும் விட்டிருக்கவில்லை. இப்போது சொட்டுச் சொட்டாக விட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் ஒரு செல் சுருங்கிக் குமிழ்விட்டு உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கொத்தோடு.

“சாகுதுக்கா! எல்லாம் சாகுது!” ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த அறையில் கைதட்டினார்கள். திரை இருண்டு அடங்கும்வரை செண்பகவல்லி நின்றாள்.

வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது.

“மதினி, மருந்து வேல செய்யுதாமே? டிவியில ஓடுது. நெசந்தானா?” என்றான் சுடலைமுத்து.

“நெசந்தான். காரியத்துக்கு நாள் பாரு, சுடல.”

அவன் என்னவோ சொன்னான். அதற்குள் அவன் பக்கம் தெருவில் யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள்.