லாகீசுக்கு வந்தவர்கள்

அரசாணை சூளையிலிருந்து நேராக வந்திருந்ததால் இன்னும் கை சுட்டது. தபால் இயந்திரன் அதைக் கனத்த துணியில் ஏந்திவந்து அகழாய்வுத் தலைவி எப்சிபாவின் மேசைமேல் வைத்துவிட்டு, "ஆறியதும் படிக்கவும்" என்று சொல்லிப் போனது. எப்சிபாவுக்குப் பொறுமை இல்லை. துணியோடு சேர்த்துத் தூக்கிப் படித்தாள்.

அந்தக் காலத்தில் சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாமே சுட்ட களிமண்தான். பெருமறதிக்குப் பிறகு வேறு எதையும் யாரும் நம்புவதில்லை. சூரியன் ஒருநாள் பலமாகத் தும்மியதில், மனிதகுலம் கணினிகளில் சேர்த்துவைத்திருந்த நினைவெல்லாம் ஒரே பிற்பகலில் அழிந்துபோனது. வரைபடம், வரலாறு, பாட்டு, பாஸ்வேர்டு, ஒன்றும் மிஞ்சவில்லை. காகிதத்தை அதற்கு வெகுகாலம் முன்பே கைவிட்டிருந்தார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்களே, அப்படித்தான் களிமண்ணைத் தேடிப் போனார்கள்.

ஆணை இப்படிச் சொன்னது: பெயர் அறியப்படாத இந்த மேடு எந்த ஊர் என்பதை எழுத்துச் சான்றோடு நிரூபிக்க வேண்டும். தவறினால் வெள்ளிக்கிழமை இதைச் சமப்படுத்தி, செவ்வாய்க் கிரகத்திலிருந்து வரும் கலங்களுக்கு இறங்குதளம் அமைக்கப்படும்.

எப்சிபாவும் செவ்வாய்க்காரிதான். அந்தக் கிரகத்துப் புதுப்பாளையில் பிறந்தவள். அங்கே முதலில் குடியேறியவர்களில் யாரோ ஒருவர் பெட்டிக்குள் ஒரு தமிழ் வேதாகமம் வைத்திருந்ததால் அது தப்பியது. யூதாவின் கோட்டை நகரமான லாகீசை அசீரிய ராஜா சனகெரிப் முற்றுகையிட்ட கதை அதில் இருக்கிறது. லாகீசுக்கு எப்படிப் போவது என்று மட்டும் இல்லை.

இந்த மேடுதான் அது என்று அவள் மனம் சொன்னது. மதிலை ஒட்டி, படை ஏறுவதற்காகக் கல்லைக் கொட்டிய சரிவு இருந்தது. இரும்பு அம்புமுனைகளும் கவண்கற்களும் அள்ள அள்ள வந்தன. பக்கத்துக் குகை ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் குவிந்து கிடந்தன. குழந்தைகளுடையதும் இருந்தன. தினமும் வேலை தொடங்குமுன் எப்சிபா அங்கே போய்ச் சற்று நேரம் நிற்பாள். இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றுகூடச் சொல்லாமல் மேலே தளம் போட்டு மூடிவிடப் போகிறார்கள் என்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மதியம் இறங்குதளப் பொறியாளன் சுடலைமுத்து வந்தான். அவனும் புதுப்பாளைக்காரன். கெட்டவன் அல்ல; மேலிடத்திலிருந்து அவனுக்கும் எல்லாம் சூடாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"எக்கா, இங்க சண்ட நடந்திருக்கு. நான் இல்லேங்கல. ஆனா அசீரியாக்காரன் அடிச்ச ஊரு ஒண்ணா ரெண்டா? இதுதான் லாகீஸ்னு எங்க எழுதியிருக்கு?"

"சொந்த ஊர்ல எவனாவது ஊர்ப் பேர வீட்டுச் சொவத்துல எழுதி வைப்பானா தம்பி? அவனுக்குத் தெரியாதா அவன் ஊரு?"

"அப்போ யாருதான் எழுதுவா?"

"வெளிய இருந்து வாரவன்தான். சனகெரிப் எழுதுனான்னு வாய்வழியா ஒரு சேதி உண்டு. இந்த ஊர அடிச்சத அப்படியே படமா செதுக்கி, பேரும் போட்டு, அவன் அரமனைச் சொவத்துல பதிச்சு வச்சான். பீத்தல்!"

"அந்தக் கல்லு எங்க இருக்கு?"

"அத வச்சிருந்த அருங்காட்சியகம் இப்போ கடலுக்கு அடியில."

சுடலைமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "வெள்ளிக்கிழம வரைக்கும் நான் இயந்திரத்த நவுத்தல எக்கா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றான்.

வியாழக்கிழமை காலை மண்வாசி கூவியது. மண்ணை வாசிக்கும் இயந்திரன் என்பதால் அதற்கு அந்தப் பெயர். கோட்டை வாசலருகே மணலுக்கடியில் துருப்பிடிக்காத இரண்டு உலோகப் பலகைகள் இருந்தன. பார்வையாளர்களுக்காக நம் காலத்தவர் நட்டவை! எப்சிபா முதல் பலகையைத் துடைத்தாள்.

பலகை முழுவதும் ஒரு சதுரம். சதுரம் முழுவதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அதைத் தவிர ஓர் எழுத்துக்கூட இல்லை.

மண்வாசி அந்தக் கட்டங்களை ஒரு நொடியில் படித்துவிட்டது. "இது ஒரு கணினி முகவரி. ஊரின் விவரமெல்லாம் அந்த முகவரியில் இருக்கிறது."

"முகவரி எங்க இருக்கு?"

"பெருமறதியில் போய்விட்டது."

எப்சிபா மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப்பெயரைச் சொல்வதற்கென்றே ஒரு பலகை செய்து, அதை அழியாத உலோகத்தில் செய்து, பெயரை மட்டும் வேறெங்கோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் மகராசன்கள். இரண்டாவது பலகையில் ஆணி பிடித்த ஒரு கை வரைந்திருந்தது. அதன் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு. கல்லில் எழுதாதீர்கள் என்று அர்த்தம். எண்ணூறு ஆண்டு கழிந்தும் அது பளிச்சென்று இருந்தது.

அந்தப் பலகைக்கு நேர் கீழே, வாசற்கல்லில், யாரோ எழுதியிருந்தார்கள்.

வண்டிச் சாவியாலோ நாணயத்தாலோ கீறிய எழுத்துகள். தமிழ் எழுத்துகள். எப்சிபா விரலால் மணலைத் தள்ளித் தள்ளி வாசித்தாள்.

"லாகீசுக்கு வந்தோம். ஜெபராஜ் – பியூலா, திசையன்விளை."

பக்கத்தில் ஓர் இதயம். அதன் குறுக்கே ஓர் அம்பு.

"மார்பில் அம்பு பாய்ந்திருக்கிறது. இவர்களும் முற்றுகையில் இறந்தவர்களா?" என்று மண்வாசி மரியாதையோடு கேட்டது.

"இல்லப்பா. கலியாணம் ஆன புதுசு" என்று சொன்ன எப்சிபா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

சுடலைமுத்து ஓடிவந்து குனிந்து பார்த்தான். "எக்கா, பொஞ்சாதிகூட ஊர் சுத்த வந்தவன் கிறுக்குனத நம்பலாமா?"

"ராஜா கிறுக்குனதவிட நம்பலாம். இவனுக்குப் பொய் சொல்லி ஒரு நாடும் கெடைக்கப் போறதில்ல. அந்தக் காலத்துல ஆளுக்கொரு வரைபடம் கையிலயே வச்சிருந்தாங்க. எங்க நிக்கோம்னு தெரியாமயா எழுதியிருப்பான்?"

சுடலைமுத்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு ஈரக் களிமண் கொண்டுவரச் சொல்லி, 'மேட்டின் பெயர் லாகீஸ், எழுத்துச் சான்று உண்டு' என்று மேலிடத்துக்கு எழுதித் தன் முத்திரையை அழுத்தினான். சூளை மூட்டும்போது அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

எப்சிபா குகைக்குப் போனாள். "நீங்க லாகீஸ்காரங்க. இனி உங்கள யாரும் தொடமாட்டாங்க" என்று அவர்களிடம் சத்தமாகவே சொன்னாள்.

சாயங்காலம் முகாமில் எல்லாரும் கூடி உட்கார்ந்து சோறும் சாம்பாரும் சபை விருந்தான அசனம்போலச் சாப்பிட்டார்கள். சாப்பிடுமுன் எப்சிபா நன்றி சொல்லி ஜெபித்தாள். சட்டத்தை மீறிய ஜெபராஜுக்காக ஸ்தோத்திரம் என்றாள். கூட நின்று தடுக்காமல் இருந்த பியூலாவுக்காக ஸ்தோத்திரம் என்றாள். சற்றுத் தயங்கிவிட்டு, ஊரை அழித்தாலும் அதன் பெயரை எழுதிவைத்தானே, அந்தச் சனகெரிப்புக்காகவும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவைத்தாள். ஆமென் என்ற சத்தத்தில் சுடலைமுத்துவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

சாப்பாடு முடிந்ததும் ஆளைக் காணவில்லை. எப்சிபா தேடிப் போனபோது வாசற்கல்லின் முன் முழந்தாளிட்டுக்கொண்டிருந்தான். கையில் ஆணி. ஜெபராஜுக்குக் கீழே 'சுட' வரைக்கும் வந்திருந்தது.

அவளைப் பார்த்ததும் ஆணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "சும்மாதான் எக்கா... நானும் வந்தேன்னு..."

இந்தக் கல்லில் எவன் கைவைத்தாலும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. அவள் சிவப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்தாள். அதற்குக் கீழே அம்பு பாய்ந்த இதயத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த உளியை உருவி அவனிடம் நீட்டினாள்.

"ஆணியால கீறுனா எத்தன காலம் நிக்கும்? ஆழமா எழுதுங்க தம்பி. ஊர்ப் பேர விட்டுராதீங்க."