மண்ணுக்கு ஊற்றாத மடக்கு

நேற்று மாலை நெலிதா சுரண்டி எடுத்த பாறை, காலையில் மறுபடியும் திமிங்கிலப் புதைபடிவத்தின் தாடைமேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

லிமாவின் குளிர்காலத் தூறல் அருங்காட்சியகக் கூரையை நனைத்துக்கொண்டிருக்க, ஈரச் சாக்கும் பிளாஸ்டரும் கலந்த பழகிய வாடைக்கு அடியிலிருந்து புளித்த சோளக் கள்ளான சிச்சாவின் நெடி ஒன்று மெல்லக் கசிந்து, பட்டறை முழுக்கப் பரவியது. பயத்தைவிட எரிச்சல்தான் அவளுக்கு முந்தியது. வாரம் முழுக்க இதே கதை. சுரண்டுவாள், வளரும். இயக்குநரோ, "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

"டேய், நீ பூசி வைக்கிறியா?"

"எனக்கு வேற வேலையில்ல பாரு." தம்பி எஃப்ராயின் இருமினான். இக்கா பாலைவனத்தில் இந்த எலும்பைத் தோண்டியதிலிருந்து அந்த இருமல். கைக்குட்டையில் சளி இல்லை, வெளிர்மஞ்சள் தூள். பாறையின் அதே நிறம். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"தோண்டுறதுக்கு முன்னாடி மண்ணுக்கு சிச்சா ஊத்தினீங்கல்ல?"

"ஊத்தச் சொல்லி என் கையிலதான் குடுத்தாங்க. வெயில் மண்டையப் பொளந்துச்சுக்கா. திரும்பி நின்னு நானே குடிச்சுட்டேன்." உடைந்த முன்பல் தெரியச் சிரித்தான். "மண்ணு கோவிச்சுக்குமா என்ன?"

"அடப்பாவி! மொத மடக்கு அதோடதுடா!"

அவனுக்கு மூச்சு இழுத்தது. நெலிதா சந்தைக்கு ஓடினாள். அயாகுச்சோ ஊர்க்காரி கடையில் ஒரு குடுவை சிச்சா வாங்கிக்கொண்டு, பேருந்து கிடைக்காமல், சபித்தபடியே நனைந்து திரும்பினாள்.

நாற்காலியில் அவன் மேலங்கி மட்டும் கிடந்தது.

"எஃப்ராயின்?"

இருமல் கேட்டது. மேசையிலிருந்து. பாறை இப்போது தாடையை மூடி, எலும்பைத் தாங்கிய பிளாஸ்டர் கூட்டின் விளிம்பு தாண்டி வழிந்திருந்தது.

உளியை எடுத்தாள். கொத்தினாள். தூள் பறந்தது. பாறை வளர்ந்தது. மறுபடி கொத்தினாள்.

இருமல் நின்றது.

ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளே எலும்பு இல்லை.

உதடுகள். மஞ்சள் கல். ஈரமாக.

நடுவில் உடைந்த முன்பல்.

குடுவையைச் சாய்த்தாள். எல்லாவற்றையும் ஊற்றினாள். கல் விழுங்கியது. ஒவ்வொரு மடக்காக, நிதானமாக.

குடுவை காலியானது.

வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.